போர்டு கடைசியாகச் சொன்ன வரி

வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி பிறந்ததுமே தக்கலையில் சாயங்கால இடி தொடங்கிவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு வேளிமலைப் பக்கம் கறுக்கும், நான்கு மணிக்குள் வெட்டித் தீர்த்துவிடும். மறுநாள் காலையில் என் பட்டறை வாசலில் ரவுட்டர், கேமரா ரெக்கார்டர், இன்வெர்ட்டர் போர்டு என்று வரிசை கட்டி நிற்கும். ஆனால் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இடியைப் பற்றியவை அல்ல. கரண்ட் கொடுத்ததும் பூட்லோடர் சீரியல் வயர் வழியாக அனுப்பும் வரிகளைப் பற்றியவை. சில்லு விழித்தவுடன் முதலில் ஓடி, மெமரியைத் தயார் செய்து, பிறகு லினக்ஸ் போன்ற பெரிய மென்பொருளைத் தூக்கி உட்கார வைக்கும் சின்ன நிரல்தான் பூட்லோடர். அது ஓடும் நேரத்தில் திரை இருக்காது, நெட்வொர்க் இருக்காது. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல அதற்கு இருக்கும் ஒரே வாய் அந்த வயர்தான். பதினெட்டு வருஷம் திருவனந்தபுரத்தில் ஃபர்ம்வேர் எழுதியபோதும், இப்போது ஊரில் போர்டு பழுது பார்க்கும்போதும் எனக்கு வழி காட்டியவை அந்த வரிகளே. அதனால் இந்த இதழை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

அக்கா, குளச்சலில் சின்னதாகச் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு பழைய ரவுட்டரின் சீரியல் பின்னில் யூஎஸ்பி கன்வர்ட்டரை மாட்டினேன். கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும்தான் வருகிறது. போர்டு செத்துவிட்டதா?
— குளச்சல் வாசகர்

சாகவில்லை தம்பி. குப்பை எழுத்தானாலும் வருகிறதே, அதுவே நல்ல சேதி. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் குப்பை வந்தால் பாட் ரேட், அதாவது வயரில் எழுத்து ஓடும் வேகம், பொருந்தவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 115200, பிறகு 57600, 38400, 9600 என்று மாற்றிப் பாருங்கள். இஎஸ்பி8266 சில்லு உள்ள போர்டானால் 74880 வைத்துப் பாருங்கள். அது என்ன விசித்திரமான எண் என்று தோன்றும். அந்தச் சில்லின் உள்ளே இருக்கும் நிரல் 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருப்பதாக நினைத்து 115200 வேகத்துக்குக் கணக்குப் போடுகிறது. போர்டில் பெரும்பாலும் இருப்பதோ 26 மெகாஹெர்ட்ஸ். 115200-ஐ 26-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 74880 வந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு குப்பை வந்தால் கிரவுண்ட் வயரைப் பாருங்கள். கடலோரத்துப் போர்டுகளில் அந்தப் பேட் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். மேலே சால்டர் ஒட்டியது போலத் தெரியும், உள்ளே பிடித்திருக்காது. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, செம்பு தெரிந்த பிறகு சால்டர் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று வயர் போதும்: கிரவுண்ட், அனுப்பும் டிஎக்ஸ், வாங்கும் ஆர்எக்ஸ். கன்வர்ட்டரின் டிஎக்ஸ் போர்டின் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும், அதன் ஆர்எக்ஸ் போர்டின் டிஎக்ஸுக்கு. கரண்ட் கொடுக்கும் விசிசி பின்னைத் தொடவே வேண்டாம். கன்வர்ட்டரில் 5 வோல்ட், 3.3 வோல்ட் ஜம்பர் இருந்தால் 3.3-இல் வைத்துவிட்டுத்தான் கிட்டப் போக வேண்டும். எது டிஎக்ஸ் என்று தெரியாவிட்டால் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு போர்டை ஆன் செய்யுங்கள். 3.3-க்குப் பக்கத்தில் நின்று, முதல் சில விநாடிகள் மட்டும் எண் தடுமாறினால் அதுதான் டிஎக்ஸ். அந்த நேரத்தில் அது பேசிக்கொண்டிருக்கிறது.

மேடம், நான் பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு. பீகிள்போன் பிளாக் என்ற சின்ன லினக்ஸ் போர்டுக்கு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை நானே கம்பைல் செய்தேன். அதன் பூட்லோடரான யூ-பூட்டின் வரிகள் எல்லாம் வருகின்றன. ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ என்ற வரிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அரை மணி நேரம் காத்திருந்தேன். யூ-பூட்டில் பிழையா?
— மார்த்தாண்டம் மாணவர்

மக்களே, அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தாயே, உன்னிடம் இந்த வேலைக்கு வேண்டிய குணம் இருக்கிறது. இப்போது ஒன்றை மனதில் போட்டுக்கொள். கடைசியாகத் திரையில் நிற்கும் வரி, பிழை நடந்த இடம் என்று எல்லாரும் நினைப்பார்கள். அந்த வரி வரைக்கும் போர்டு உயிரோடு வந்திருக்கிறது என்பது மட்டுமே அதற்குப் பொருள். பிழை அதற்கும் அடுத்த வரிக்கும் நடுவே இருக்கிறது. வராமல் போன வரி எது என்று தேடு.

யூ-பூட்டிலேயே இதற்கு அழகான உதாரணம் உண்டு. ஆரம்பத்தில் ‘டிரேம்:’ என்று அச்சிடும். அடுத்த வரிக்குப் போகாது, அப்படியே நிற்கும். பிறகு மெமரியைத் தயார் செய்யும். வெற்றி பெற்றால் அதே வரியில் ‘512 மெபிபைட்’ என்று அளவு வந்து ஒட்டிக்கொள்ளும். ‘டிரேம்:’ என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் மட்டும் வந்து எண் வராமல் நின்றால் மெமரி தயாராகும்போதே விழுந்துவிட்டது. எண் வந்த பிறகு நின்றால் கதை வேறு: அடுத்ததாக யூ-பூட் தன்னைத்தானே மெமரியின் மேல் பக்கத்துக்குப் பிரதி எடுத்து அங்கே குதிக்கும், அந்தக் குதிப்பில் விழுந்திருக்கிறது. வேலைக்கு முன் பாதி வரி, முடிந்த பிறகு மீதிப் பாதி. ஜெர்மனியின் வுல்ஃப்காங் டெங்க் பிபிசிபூட் என்று வளர்க்கத் தொடங்கி, 2002-இல் யூ-பூட் என்று பெயர் மாறிய நிரல் இது. அவர் 2022-இல் காலமானார். அந்தப் பாதி வரியைப் பார்க்கும்போதெல்லாம், முன்பின் தெரியாத ஒரு பழுது பார்ப்பவரை நினைத்து யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு நன்றி பொங்கும். நீயும் உன் நிரலில் அப்படியே எழுது. வேலை முடிந்த பிறகு மட்டும் ‘முடிந்தது’ என்று அச்சிட்டால், முடியாமல் போன அன்றைக்கு உனக்குச் சொல்ல யாருமில்லை.

உன் போர்டுக்கு வருவோம். ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ என்பது யூ-பூட்டின் கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு அது இல்லவே இல்லை, சாவியைக் கெர்னல் கையில் கொடுத்துவிட்டது. கெர்னல் ஓடாமல் இருக்கலாம். அல்லது ஓடிக்கொண்டே, உன் வயர் பக்கம் பேசாமல் இருக்கலாம். எது என்று முதலில் பிரித்துப் பார். போர்டில் நெட்வொர்க் கேபிளைச் செருகி பிங் செய். இதயத் துடிப்பு போல விட்டு விட்டு எரியும் எல்இடி எரிகிறதா என்று பார். எரிந்தால் கெர்னல் உயிரோடுதான் இருக்கிறது, அது பேச வேண்டிய சீரியல் போர்ட்டின் பெயர், அதாவது கன்சோல் பெயர்தான் தப்பு.

பீகிள்போனில் அது அடிக்கடி நடக்கும். பழைய கெர்னலில் அந்த சீரியல் போர்ட்டுக்கு டிடிஒய்ஓ0 என்று பெயர். டிரைவர் மாறிய பிறகு வந்த கெர்னல்களில் டிடிஒய்எஸ்0. பழைய வழிகாட்டியைப் பார்த்து கெர்னலுக்கு யூ-பூட் கொடுக்கும் பூட்ஆர்க்ஸ் வரியில் முதல் பெயரை எழுதியிருப்பாய், உன் கெர்னல் புதியது. ‘கன்சோல்=’ என்பதற்குப் பின்னால் இரண்டாவது பெயரைப் போட்டு, காற்புள்ளி வைத்து 115200 என்று முடி. அப்படியும் மௌனம் என்றால் பூட்ஆர்க்ஸில் இயர்லிகான் என்ற ஒற்றைச் சொல்லைச் சேர். முறையான சீரியல் டிரைவர் எழுந்திருக்கும் முன்பே கெர்னல் பேசத் தொடங்கும். அதிலும் ஒரு எழுத்துகூட வரவில்லை என்றால், போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ ஃபைல் அந்தப் போர்டுக்கு உரியதுதானா, கெர்னலை ஏற்றிய முகவரி சரியா என்று அந்த வரிசையில் பார்.

சகோதரி, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைக் கோபுரத்தின் அடியில் வைப்பதற்கு, லினக்ஸ் போர்டு வைத்து ஒரு கண்காணிப்புப் பெட்டி செய்து கொடுத்தோம். கரண்ட் போய் வந்தால் சில நேரம் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. லாப்டாப்பை மாட்டிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எழுகிறது. பைத்தியம் பிடிக்கிறது.
— ஆரல்வாய்மொழி வாசகர்

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். லாப்டாப் மாட்டினால் சரியாகிறது என்ற வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். லாப்டாப் மாட்ட வசதியாக, சீரியல் பின்னிலிருந்து நீள வயர் வெளியே விட்டிருக்கிறீர்களா?

‘ஆட்டோபூட்டை நிறுத்த ஏதாவது ஒரு விசையை அழுத்துக’ என்று பூட்லோடர் இரண்டு மூன்று விநாடி காத்திருக்கும் அல்லவா? வெறுமனே தொங்கும் ஆர்எக்ஸ் வயர் ஆன்டெனா போல வேலை செய்யும். முப்பந்தல் கணவாயில் அத்தனை ஜெனரேட்டர், அத்தனை கான்டாக்டர். கரண்ட் வரும் நேரத்தில் அந்த வயரில் ஒரு துள்ளல் விழுந்தால் பூட்லோடருக்கு அது ஒரு எழுத்து. யாரோ விசையை அழுத்தினார்கள் என்று மரியாதையாக நின்றுவிடும். கட்டளைக்காக அங்கேயே காத்துக் கிடக்கும், நாள் முழுவதும். லாப்டாப்பை மாட்டியதும் கன்வர்ட்டரின் டிஎக்ஸ் அந்த வயரை 3.3 வோல்ட்டில் இறுக்கிப் பிடித்துவிடுகிறது. துள்ளல் இல்லை, போர்டு ஒழுங்காக எழுகிறது.

ஊகத்தை நம்பி வேலை செய்ய வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கிரவுண்டையும் போர்டின் டிஎக்ஸையும் மட்டும் லாப்டாப்புக்குக் கொடுங்கள். போர்டின் ஆர்எக்ஸை இப்போது போலவே தொங்க விடுங்கள். கோபுரத்தடியில் வைத்தே பத்து இருபது முறை கரண்டை அணைத்துப் போடுங்கள். விநாடி எண்ணிக்கை பாதியில் நின்று, பூட்லோடர் கட்டளை கேட்கும் => என்ற குறி வந்து நிற்பதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும். பிறகு ஆர்எக்ஸுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள், வெளியே விட்ட வயரை வெட்டுங்கள். பூட்லோடரைக் கம்பைல் செய்ய முடியுமானால், எந்த விசைக்கும் நிற்காமல் குறிப்பிட்ட ஒரு சொல்லுக்கு மட்டும் நிற்கும்படி வையுங்கள்.

‘பேட் சிஆர்சி, யூசிங் டிஃபால்ட் என்விரான்மென்ட்’ என்று வருகிறது. புதுப் போர்டு. திருப்பிக் கொடுத்துவிடவா?
— குலசேகரம் வாசகர்

வேண்டாம். சிஆர்சி என்பது சேமித்த தரவு கெடவில்லையா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண். பூட்லோடரின் அமைப்புகளை இதுவரை யாரும் ஃப்ளாஷில் சேமிக்கவில்லை, அதனால் உள்ளே எழுதியிருக்கும் இயல்பு அமைப்பை எடுத்துக்கொள்கிறேன் என்கிறது. சேவ்என்வி என்று ஒரு முறை கட்டளை கொடுத்தால் அடுத்த முறை அந்த வரி இருக்காது. நேற்று வரை வராத வரி இன்று வந்தால் மட்டும் கவலைப்படுங்கள். சேமிக்கும் நேரத்தில் கரண்ட் போயிருக்கும், அல்லது ஃப்ளாஷ் தேயத் தொடங்கியிருக்கும்.

நாகர்கோவிலில் ஒரு சின்ன நிறுவனத்தில் ஃபர்ம்வேர் வேலை. பொருள் வெளியே போகும் முன் பூட்லோடரின் எல்லாச் செய்திகளையும் நீக்கிவிட வேண்டும், பூட் வேகமாகும், பாதுகாப்பும் கூடும் என்கிறார் டீம் லீடர். எனக்கு மனசு வரவில்லை. யார் சொல்வது சரி?
— பெயர் வேண்டாம்

அவர் சொல்லும் இரண்டு காரணங்களும் உண்மை. எல்லாவற்றையும் நீக்கச் சொல்வதுதான் தவறு. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஒரு காலத்தில் நானே நீக்கியவள்.

திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு டேட்டா டெர்மினல் செய்தோம். பூட் நேரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். கணக்கு எளிது. 115200 பாட் என்றால் ஒரு எழுத்துக்கு 10 பிட், விநாடிக்கு 11520 எழுத்து. 45 எழுத்துள்ள ஒரு வரிக்குக் கிட்டத்தட்ட 4 மில்லி விநாடி. எழுத்து போனதும் பிராசசரைக் கூப்பிடும் இன்டர்ரப்ட் வசதியெல்லாம் பூட்லோடரில் பெரும்பாலும் இருக்காது. எழுத்து வெளியேறி இடம் கிடைக்கும் வரை பிராசசர் சும்மா நிற்கும். இருநூறு வரிகளை எடுத்தேன், முக்கால் விநாடி மிச்சம். எல்லாரும் பாராட்டினார்கள்.

அடுத்த தொகுதியில் சில போர்டுகள் மட்டும் நெட்வொர்க் சில்லைக் கண்டுபிடிக்கவில்லை. எல்லாப் போர்டும் அல்ல, அதுதான் வேதனை. காரணம் அறிய பழைய பூட்லோடரை ஏற்றினேன், வேலை செய்தது. புதியதில் பிழை தேட ஒரு டீபக் வரி சேர்த்தேன், அதுவும் வேலை செய்தது. வரியை எடுத்தால் மறுபடி கெட்டது. பார்க்கப் போனால் மறைகிற பிழை. இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் நெட்வொர்க் சில்லின் ரீசெட் காலில் ஆசிலாஸ்கோப்பை வைத்தேன். ரீசெட்டை விடுவித்த பிறகு 10 மில்லி விநாடி பொறுத்துத்தான் அதனுடன் பேச வேண்டும் என்று சில்லின் கையேடு சொல்கிறது. எங்கள் நிரலில் அந்தக் காத்திருப்பு எங்குமே எழுதப்படவில்லை. ரீசெட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே இருந்த மூன்று செய்தி வரிகள், 135 எழுத்து, ஏறக்குறைய 11.7 மில்லி விநாடி எடுத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்து வந்திருக்கின்றன. அவற்றை நான்தான் எடுத்தேன். 20 மில்லி விநாடி காத்திருப்பை முறையாக எழுதி, ஏன் என்று மூன்று வரிக் குறிப்பும் எழுதினேன். பிழை போனது.

வெளியே போன பெட்டிகளில் ஒரு செய்தியும் இல்லாததால், எது ஏன் விழுந்தது என்று அவற்றைக் கேட்கவும் வழியில்லாமல் போனது. ஒவ்வொன்றையும் திருப்பி வரவழைத்தோம். அதற்கான செலவை, அந்த முக்கால் விநாடியுடன் ஒப்பிட்டு உங்கள் டீம் லீடரிடம் சொல்லுங்கள்.

ஆகவே நான் இப்போது செய்வது இது. பிழை வரிகளும் எச்சரிக்கை வரிகளும் எப்போதும் இருக்கும். ஒழுங்காக ஓடும் நாளில் அவை அச்சாவதே இல்லை, அதனால் நேரம் தின்னாது. நடப்பைச் சொல்லும் சாதாரண வரிகளை சீரியலுக்கு அனுப்பாமல் மெமரியில் ஒதுக்கிய இடத்தில் எழுதி வைப்பேன். மெமரியில் எழுதுவதற்கு ஆகும் நேரம் மிகச் சொற்பம். பிறகு லினக்ஸ் எழுந்ததும் அங்கிருந்து எடுத்துப் படிக்கலாம். கோர்பூட் என்ற இன்னொரு பூட் நிரலில் இதற்கென்றே சிபிமெம் கன்சோல் உண்டு. நுணுக்கமான டீபக் வரிகள் மட்டும் கம்பைல் நேரத்தில் போகட்டும். யூ-பூட்டில் அவை வேண்டுமானால் அந்த ஒரு ஃபைலின் முதல் வரியில், இன்க்ளூட்களுக்கு முன்னால், டீபக் என்று டிஃபைன் செய்தால் போதும். எல்லா ஃபைலுக்கும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். முதல் கட்ட நிரலான எஸ்பிஎல், சில சில்லுகளில் 32 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். செய்திகளின் எழுத்துகளே அந்த இடத்தை நிரப்பி வழிந்துவிடும். அவ்வளவு நெருக்கடியான இடத்தில் வாக்கியம் வேண்டாம், ஒற்றை எழுத்து அனுப்புங்கள்: ஏ, பி, சி. கம்ப்யூட்டர் மதர்போர்டுகள் போஸ்ட் என்ற தொடக்கச் சோதனை நேரத்தில் இரண்டு இலக்கக் குறியீடு காட்டுவது இதே நெருக்கடியில் பிறந்த வழக்கம்தான்.

ஒவ்வொரு பிழை வரியிலும் எண் இருக்க வேண்டும். ‘ஃப்ளாஷ் பிழை’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த முகவரியில், எதை எதிர்பார்த்து எது கிடைத்தது என்று எழுதுங்கள். கிடைத்த எண் முழுவதும் எஃப் எழுத்தாக இருந்தால் ஃப்ளாஷ் காலி, அல்லது சில்லு பேசவே இல்லை. ஒரு பிட் மட்டும் மாறியிருந்தால் தேய்மானம். இரண்டுக்கும் மருந்து வேறு.

பாதுகாப்பு விஷயத்தில் உங்கள் டீம் லீடர் பக்கம் நான் முழுதாக நிற்கிறேன். சாவி, பாஸ்வேர்டு, வாடிக்கையாளர் விவரம் எதுவும் செய்தியில் வரவே கூடாது. ஆனால் ஆபத்து அதிகமாக இருப்பது வரிகளில் இல்லை, => குறியில். மூன்று வயரோடு வருகிறவர் ஒரு விசையை அழுத்தி உள்ளே நுழைந்துவிடலாம். எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் ‘பூட் டிலே’ அமைப்பை -2 என்று வையுங்கள், விசையைப் பார்க்காமலே பூட் ஆகும். 0 வைத்தால் காத்திருக்காது, ஆனாலும் விசை அழுத்தி நிறுத்த முடியும். -1 வைத்தால் தானாகப் பூட் ஆகவே ஆகாது. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு பெட்டி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

டீச்சராக இருக்கிறேன். பள்ளிக்கூடத்து எலக்ட்ரானிக்ஸ் கிளப்பில் பிள்ளைகள் கேட்டார்கள்: போர்டு ஏன் தமிழில் பிழை சொல்லக் கூடாது?
— கோட்டாறு வாசகி

டீச்சர், சொல்லலாம். சீரியல் வயருக்கு மொழி தெரியாது, பைட்டைத்தான் அனுப்பும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘பிழை’ என்ற சொல்லில் ப, இகரக் குறி, ழ, ஐகாரக் குறி என நான்கு இருப்பதால் 12 பைட். ஆங்கிலத்தில் ‘எர்ரர்’ 5 பைட். ஆர்டுவினோவில் பிள்ளைகள் இன்றே செய்து பார்க்கலாம். இடம் தாராளமாக இருக்கும். எழுத்து உடைந்து தெரிந்தால் குற்றம் லாப்டாப்பில் உள்ள டெர்மினலுடையது, போர்டு சரியாகத்தான் அனுப்பியிருக்கும்.

32 கிலோபைட்டுக்குள் நெருங்கி உட்கார்ந்திருக்கும் நிரலில் மட்டும் எனக்கு அந்த 12 பைட் கனக்கிறது. அதற்கு நான் செய்திருப்பது வேறு. என்னிடம் வேலை பழகும் இரண்டு பெண்களுக்காக, யூ-பூட் வரிகள் வரும் வரிசையிலேயே ஒவ்வொன்றுக்கும் தமிழில் விளக்கம் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வரி எது, அங்கே நின்றால் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எந்தக் காலில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறிய பெண் இப்போது அந்தத் தாளைப் பார்க்காமலே போர்டு பார்க்கிறாள். உங்கள் கிளப்பிலும் அப்படி ஒரு தாளைப் பிள்ளைகளே எழுதட்டும். ‘டிரேம்:’ வரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், அடுத்த இதழில் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.